மகள் மொழிபெயர்த்த கூட்டம்

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னைப் பற்றி நான் சொன்ன குறைகளை எல்லாம் தன் வாயாலேயே தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். பெற்றோர் கூட்டம் அது. நான் வகுப்பாசிரியை. அந்த அம்மாவுக்குப் பள்ளியில் புழங்கும் மொழி அவ்வளவாக வராது. பள்ளியில் இருந்த எங்கள் யாருக்கும் அவர் மொழி தெரியாது. வேறு வழியில்லை என்று நினைத்து மகளையே நடுவில் உட்கார வைத்தேன். "வகுப்பில் வாயே திறப்பதில்லை, வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள், வீட்டில் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் ஒவ்வொரு முறையும் சற்று நின்று, என் முகத்தைப் பார்த்து, பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். நான் நான்கு வாக்கியம் சொன்னால் அவள் ஒன்றுதான் சொன்னாள். அம்மா சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னேன். "இனிமேல் வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள். அப்போதுதான் இவள் தேறுவாள்." இதை மட்டும் அவள் முழுதாக மொழிபெயர்த்திருக்க வேண்டும். அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பள்ளி மொழியில், "சரி டீச்சர்" என்றார்.

அந்த ஒரு யோசனையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பல வருடங்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது.

ஆறு மாதம் கழித்து, அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமான, இரண்டு மொழியும் அறிந்த ஒரு பெண்மணி வேறு ஏதோ வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த அம்மா வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாராம். அவருக்குத் தெரிந்த பள்ளி மொழிச் சொற்கள் ஐம்பதோ அறுபதோ. வா, சாப்பிடு, படி, தூங்கு. இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. இரவில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாராம், திட்ட வார்த்தை போதவில்லை என்று. டீச்சர் சொல்லிவிட்டார், அவர் படித்தவர், பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார் என்று நம்பி, தன் மொழியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார்.

நான் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அதை எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று யோசித்தால், ஓர் ஆதாரமும் இல்லை. எல்லா ஆசிரியர்களும் சொல்வதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். லில்லி வாங் ஃபில்மோர் என்ற மொழியியல் அறிஞர் அமெரிக்காவில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடந்த ஓர் ஆய்வை 1991இல் வெளியிட்டிருக்கிறார். சின்ன வயதிலேயே ஆங்கிலம் மட்டும் புழங்கும் வகுப்புகளுக்குப் போன பிள்ளைகள் வீட்டு மொழியை இழப்பதும், அதனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவே பேச்சே அறுந்துபோவதும் அதில் பதிவாகியிருக்கிறது. பேச்சு என்றால் வெறும் செய்திப் பரிமாற்றமா? எது சரி, எது தப்பு, பயந்தால் என்ன செய்வது, நம் ஆட்கள் யார், அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எல்லாம் ஒரு தாய் எந்த மொழியில் சொல்வாள்? அரைகுறையாகத் தெரிந்த மொழியிலா?

படிப்புக்காவது அந்த யோசனை உதவியிருக்குமா என்றால் அதுவும் இல்லை. கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் கடைசியிலிருந்து சொல்லி வருவது இது: ஒரு மொழியில் பிள்ளை பெறும் வாசிப்புத் திறனும் யோசிக்கும் திறனும் அந்த மொழியோடு நின்றுவிடுவதில்லை, அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். கதையின் போக்கைப் பிடிப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்ப்பது, இதையெல்லாம் ஒரு முறை கற்றால் போதும். அந்த அம்மா இரவில் சொன்ன கதைகள் என் வாசிப்புப் பாடத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தன. நான் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறுத்தியது. ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, கல்வி எதற்காக என்று பட்டியல் போடுகிறது. குழந்தையின் பெற்றோர்மீதும், அதன் சொந்தப் பண்பாட்டு அடையாளம், மொழி, விழுமியங்கள் ஆகியவற்றின்மீதும் மரியாதையை வளர்ப்பது அதில் ஒன்று. கணக்கும் அறிவியலும் போல இதுவும் கல்வியின் வேலை. பயிற்சிக் காலத்தில் இந்தப் பிரிவைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கண் முன்னால், அவள் அம்மாவின் மொழி அவள் படிப்புக்குத் தடை என்று சொன்னபோது அது என் நினைவில் இல்லை.

சரி, 'வாயே திறப்பதில்லை' என்று குறை சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

ஷர்லி பிரைஸ் ஹீத் என்ற மானுடவியலாளர் 1970களில் அமெரிக்காவின் தென்கிழக்கில், கரோலினா மலையடிவாரப் பகுதியில், சில சமூகங்களோடு பல வருடம் பழகி, வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தார். அங்கே ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்து வந்த பிள்ளைகள் பள்ளியில் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் மந்தம் என்று நினைத்தார்கள். ஹீத் கண்டது வேறு. அந்த வீடுகளில், கேட்பவருக்கே பதில் தெரிந்த கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் அரிது. 'இது என்ன நிறம்?' 'இதில் எத்தனை இருக்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. 'இது எதைப் போல இருக்கிறது?' என்பது போன்ற கேள்விகள்தான் அங்கே புழங்கின. ஒப்பிடுவதிலும் கதையாகச் சொல்வதிலும் அந்தப் பிள்ளைகள் தேர்ந்தவர்கள். பள்ளியில் டீச்சர் ஒரு சிவப்பு வட்டத்தைக் காட்டி நிறம் என்ன என்று கேட்டால், இவருக்குத்தான் தெரியுமே, ஏன் கேட்கிறார் என்று குழம்பினார்கள். ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொண்டு பாடத்தை வேறு வகைக் கேள்விகளோடு தொடங்கியபோது பிள்ளைகள் பேசினார்கள்.

ஓரிகான் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பழங்குடிப் பகுதியில் சூசன் பிலிப்ஸ் என்ற மானுடவியலாளர் கண்டதும் இதோடு சேர்ந்ததுதான். முழு வகுப்பின் முன்னால் எழுந்து நின்று பேசச் சொன்னால் மௌனமாகும் பிள்ளைகள், சின்னக் குழுக்களிலும் ஆசிரியரிடம் தனியாகவும் நன்றாகப் பேசினார்கள்.

இந்த இரண்டையும் படித்த பிறகு என் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். ஒரு நாளில் நான் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை எனக்குப் பதில் தெரிந்தவை. யார் முதலில் கையைத் தூக்குகிறார்களோ அவர்களுக்கே வாய்ப்பு. கையைத் தூக்காத பிள்ளைக்கு நான் வைத்த பெயர் 'கூச்சம்'. அந்தச் சொல்லை நான் இப்போது மதிப்பெண் அட்டையில் எழுதுவதில்லை.

அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டு மொழியும் தெரிந்த அந்தப் பெண்மணியும் கூட வந்தார். முன்கூட்டியே கேட்டு, அவர்களுக்கு எந்த நாள் தோதுப்படும் என்று தெரிந்துகொண்டுதான் போனேன். உள்ளே நுழைந்ததும் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். "நான் சொன்னது தப்பு. தயவுசெய்து உங்கள் மொழியிலேயே பிள்ளைகளிடம் பேசுங்கள்." அந்தப் பெண்மணி அதை மொழிபெயர்த்தார். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று கேட்டார். "அப்படியென்றால் இந்த ஆறு மாதம்?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அன்று அங்கே ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தச் சிறுமிக்கு மூன்று வயதில் ஒரு தம்பி. பள்ளி நூலகத்தில் இருந்து எடுத்துவரும் படக்கதைப் புத்தகங்களை அவனுக்கு அவள் வாசித்துக் காட்டுவாளாம். அவனுக்குப் பள்ளி மொழி தெரியாது. எனவே பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அந்தந்த இடத்திலேயே வீட்டு மொழிக்கு மாற்றி வாசிப்பாள். என் பதிவேட்டில் அவள் வாசிப்பில் பின்தங்கிய பிள்ளை. சத்தமாக வாசிக்கும்போது அவளுடைய உச்சரிப்பு தடுமாறியதைத்தான் நான் அளந்துகொண்டிருந்தேன். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை.

இப்படிப் போய்ப் பார்ப்பதை ஒரு முறையாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் டூசான் நகரத்தில் லூயிஸ் மோல் என்ற கல்வி ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், ஆசிரியர்களை மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். குறை சொல்லவோ அறிவுரை சொல்லவோ அனுப்பவில்லை, கற்றுக்கொண்டு வர அனுப்பினார்கள். 1992இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், விவசாயம், சுரங்கம், கட்டுமானம், வியாபாரம், பழுதுபார்ப்பு, மூலிகை மருத்துவம் என்று அந்த வீடுகளில் இருந்த அறிவு எத்தனை வகை என்று பட்டியல் இருக்கிறது. அதை அவர்கள் ஒரு சேமிப்பு நிதியாகப் பார்த்தார்கள். ஒரு பையன் மெக்சிகோவில் இருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்கிறான் என்று அவன் ஆசிரியை தெரிந்துகொள்கிறார். அந்த மிட்டாயையே வகுப்பில் பாடமாக்குகிறார்கள். கணக்கும் அறிவியலும் அதிலிருந்து கிளைக்கின்றன. மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கு வந்து செய்து காட்டுகிறார். அந்த நாளில் அவர் அந்த அறையில் நிபுணர்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வீடு தேடிப் போவது சோதனை போடுவதாக ஆகிவிடக் கூடாது. அலமாரியில் புத்தகம் இருக்கிறதா, தொலைக்காட்சி ஓடுகிறதா என்று கண்ணை ஓடவிட்டுவிட்டு வந்து ஆசிரியர் அறையில் பேசுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போவதைவிடப் போகாமலே இருக்கலாம். வீட்டுக்கு வர வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களை ஒரு பூங்காவிலோ நூலகத்திலோ சந்திக்கலாம். சிக்கலான பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் போனால், டீச்சர் வந்தாலே ஏதோ பிரச்சினை என்று ஆகிவிடும். போனால் எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும்.

எங்கள் பள்ளியில் பிறகு நடந்த மாற்றங்கள் பெரும்பாலும் சின்னவை. பெற்றோர் கூட்டம் வேலை நேரத்தில் இருந்தது, அதை மாற்றினோம். எங்களுக்குப் பழக்கமான நேரம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இருக்கவில்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். அதற்காகப் பெரியவர்கள் சிலரை முன்கூட்டியே கேட்டு வைத்தோம். சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர், தாய் பெயர் என்று இருந்த இடத்தில் 'பிள்ளையை வளர்ப்பவர்கள்' என்று போட்டோம். பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும், சித்தியிடமோ பெரியப்பாவிடமோ வளரும் பிள்ளைகளும் வருடா வருடம் அந்த இரண்டு கட்டங்களின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருப்பதை அதற்கு முன் ஒருவரும் யோசிக்கவில்லை. பெயரைச் சரியாகச் சொல்வது இன்னொன்று. ஒரு பிள்ளையின் பெயர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிடுவதை நாங்கள் செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது முதல் நாளே வீட்டாரிடம் கேட்டு, நாலைந்து முறை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொள்கிறோம்.

பண்பாட்டு தினம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'நாங்கள் எல்லாரையும் மதிக்கிறோமே' என்று சொல்லும் பள்ளிகள் முதலில் காட்டுவது அதைத்தான். வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு வந்து ஆடிவிட்டுப் போவார்கள். அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு அது சந்தோஷம். ஆனால் மறுநாள் பாடப்புத்தகத்திலும் சுவரில் ஒட்டிய படங்களிலும் நூலக அலமாரியிலும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை இல்லை என்றால், நேற்று அவள் மேடையில் விருந்தாளியாகத்தான் நின்றிருக்கிறாள். தன் வீட்டு மொழியில் வகுப்பறையில் ஒரே ஒரு புத்தகம் இருப்பதைக் கண்டதும் ஒரு பையன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குள் அப்படியே நிற்கிறது.

பெற்றோரின் பங்கு என்றால் பள்ளிகள் பொதுவாக எதை நினைக்கின்றன? கூட்டத்துக்கு வருவது, வீட்டுப்பாடத்தைப் பார்ப்பது, விழாவில் நாற்காலி எடுத்துப் போடுவது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் குடும்பப் பங்களிப்பை ஆறு வகையாகப் பிரித்தபோது, முடிவெடுப்பதில் பங்கு என்பதையும் தனி வகையாக வைத்தார். பள்ளிகள் அதிகம் கைவைக்கத் தயங்குவது அதில்தான். எனக்கும் ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது. பாடத்திட்டமும் விதிமுறைகளும் அறியாதவர்கள் வந்து என்ன முடிவெடுப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பை உடைத்தது ஜேம்ஸ் கோமரின் அனுபவம். அவர் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர். அவருடைய அம்மா வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. 1968இல் கோமரும் அவர் குழுவும் நியூ ஹேவன் நகரத்தில், மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார்கள். முதல் வருடம் கொந்தளிப்பாகவே போனது. பெற்றோருக்குப் பள்ளிமீது நம்பிக்கை இல்லை, ஆசிரியர்களுக்குப் பெற்றோர்மீது நம்பிக்கை இல்லை. பிறகு தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர்கள் எல்லாரும் சேர்ந்த ஒரு குழு பள்ளியை நடத்தியது. அந்தக் குழுவுக்கு மூன்று விதிகள். யார்மேல் தப்பு என்று தேடக் கூடாது. ஓட்டுப் போட்டு முடிவெடுக்காமல், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வரும்வரை பேச வேண்டும். தலைமையாசிரியரின் கையைக் கட்டிப் போடவும் கூடாது, அவர் தன்னிச்சையாக நடக்கவும் கூடாது.

அமெரிக்காவின் தெற்கே ஒரு கிராமத்தில் இருந்து அங்கே வந்த எட்டு வயதுப் பையன், முதல் நாள் வகுப்பில் விடப்பட்டதும் மிரண்டுபோய் ஆசிரியையை உதைத்துவிட்டு ஓடிய கதையை கோமர் எழுதியிருக்கிறார். வழக்கமாக என்றால் தண்டனைதான். அங்கே பெரியவர்கள் உட்கார்ந்து, முன்பின் தெரியாத இடத்தில் ஒரு பிள்ளையைத் தனியாக விட்டால் அதற்கு எப்படி இருக்கும் என்று பேசினார்கள். புதிதாக வரும் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் சேர்க்க ஒரு ஏற்பாடு பிறந்தது. 'யார்மேல் தப்பு என்று தேடக் கூடாது' என்ற விதியை நான் எங்கள் ஆசிரியர் அறையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றில் இதுதான் கடைப்பிடிக்க மிகவும் கடினம் என்பது என் அனுபவம்.

உடல் குறைபாடோ மன வளர்ச்சிச் சிக்கலோ உள்ள பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 1994 ஜூனில் ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகளும் 25 சர்வதேச அமைப்புகளும் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப் பள்ளிகளே பாகுபாட்டை எதிர்க்கச் சிறந்த வழி என்று அறிவித்தன. அந்த அறிக்கையிலும் பெற்றோரோடு கூட்டாக நடப்பது பற்றி இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அழும் ஒரு பையனுக்கு நாங்கள் மூன்று வாரம் விதவிதமாக முயன்றோம். அவனுடைய பாட்டியைக் கேட்டபோது ஒரே நிமிடத்தில் சொன்னார்: "முன்னாடியே சொல்லிட்டு அடிச்சா அழமாட்டான்." மூன்று வாரமாக ஏன் கேட்கவில்லை என்றால், அவரை நாங்கள் அவனைக் கூட்டிவந்து விடுபவராக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பண்பாட்டை மதிப்பது என்றால் வீட்டில் நடப்பதை எல்லாம் ஒத்துக்கொள்வதா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 'எங்கள் வழக்கம் இது' என்று சொல்லி ஒரு பெண் பிள்ளையின் படிப்பைப் பாதியில் நிறுத்த வந்தாலோ, பிள்ளையை அடித்த தடம் தெரிந்தாலோ நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு பிள்ளையை வன்முறையில் இருந்து காக்கச் சொல்கிறது, 28ஆம் பிரிவு கல்வியை உரிமை என்கிறது. ஆனால் அந்தப் பேச்சைப் பேசும் தகுதி எனக்கு எப்போது வரும்? அதற்கு முன் இரண்டு மூன்று முறையாவது அந்த வீட்டாரிடம் நல்ல செய்தி சொல்லியிருக்க வேண்டும். குறை சொல்ல மட்டும் கூப்பிடும் ஆளை யாரும் நம்பமாட்டார்கள். ஒரு தந்தை தன் மகளை வெளியூர்ச் சுற்றுலாவுக்கு அனுப்பவே மாட்டேன் என்றார். கட்டுப்பாடான குடும்பம் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். உட்கார்ந்து பேசியபோது, இரவு எங்கே தங்குவார்கள், கூட எத்தனை ஆசிரியைகள் வருவார்கள் என்று எங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் அவருடைய சங்கடம் என்று தெரிந்தது. எந்தத் தந்தையும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அந்தச் சிறுமியின் அம்மாவோடு அடுத்த வருடம் நடந்த கூட்டத்தில் பெரியவர் ஒருவர் மொழிபெயர்த்தார். மகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஒரே ஒரு கேள்வியோடு தொடங்கினேன். "உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள்." அவர் இருபது நிமிடம் பேசினார். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டேன். அந்தக் கேள்வியைத்தான் இப்போது எல்லாப் பெற்றோரிடமும், வருடத்தின் முதல் மாதத்திலேயே, மதிப்பெண் எதுவும் வருவதற்கு முன்பே கேட்கிறேன். சிலர் திகைத்துப்போவார்கள். ஏதாவது தப்பு செய்துவிட்டானா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

இந்த வருடம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். இருபத்தெட்டு வீட்டாரோடு பேசிவிட்டேன். மீதி மூன்று பேரில் ஒருவர் இரவு வேலைக்குப் போகும் தந்தை. காலை ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார். மூன்று முறை கூட்டத்துக்கு அழைத்தும் வரவில்லை. நேற்று அவருக்குப் போன் செய்து, உங்களுக்கு எது தோதோ சொல்லுங்கள், நான் வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி என்று சொல்லியிருக்கிறார்.